காசிம், இருபத்தெட்டு வயது, முட்டு

முட்டு வருத்தக்காரனுக்கு இரகசியம் வைத்திருக்கும் பாக்கியம் கிடையாது. காதலிக்கிறவன் நடிக்கலாம். நோன்பு பிடிக்காதவன்கூட உதட்டைக் காயவைத்துக்கொண்டு பள்ளிவாசலில் முதல் வரிசையில் போய் உட்காரலாம். முட்டுக்காரன் வாயை இறுக்கிப் பொத்தினாலும் அவனுடைய நெஞ்சு உள்ளதையெல்லாம் சொல்லிவிடும். ஆஸ்துமாவைத்தான் எங்கள் பக்கம் முட்டு என்போம். இந்தச் சின்ன உண்மை விளங்காமல், என் கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சக் காலம் நான் சுகதேகியாக நடித்தேன். (நன்றாக நடித்தேன் என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

சுனாமி வந்து போய், கல்முனைக் கரை முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். சண்டையும் முடிந்திருக்கவில்லை. எனக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. வேலையென்றால் வேறொன்றுமில்லை, கட்டுகிற வீடுகளுக்குப் பக்கத்தில் நின்று மேசன்மாரை முறைத்துப் பார்க்க வேண்டும். பகல் முழுக்கச் சீமெந்துத் தூசி. பின்னேரமானால் என் நெஞ்சுக்குள் யாரோ சீமெந்து குழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சின்ன வயதிலிருந்து எனக்கு மருந்து தந்தவர் கல்முனையில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு தமிழ் டொக்டர். அவரை எல்லோரும் பழைய டொக்டர் என்றுதான் சொல்வோம். சிரிக்கவே மாட்டார். அவர் எனக்கு இரண்டு பம்ப் தந்திருந்தார். மூச்சு முட்டினால் அடிக்க நீலப் பம்ப். முட்டு வராமலிருக்க ஒவ்வொரு நாளும் அடிக்க மண்ணிறப் பம்ப். நீலத்தை அடித்தால் உடனே மூச்சு வரும், ஆகவே அது மருந்து. மண்ணிறத்தை அடித்தால் ஒன்றுமே தெரியாது, ஆகவே அது ஏமாற்று. இதுதான் என்னுடைய மருத்துவ அறிவு. உம்மாவுடைய அறிவு இன்னும் ஆழமானது. பம்ப் அடிக்கிறவன் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டான் என்பது அவவுடைய தீர்ப்பு.

இந்த நேரத்தில்தான் மருதமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பன் காசிம் ஹாஜியார், இடுப்பில் கட்டுகிற கைத்தறிச் சாரன் நெய்விக்கிற முதலாளி. பெண்ணின் பெயர் பரீனா. பெண் பார்க்கப் போனோம். எனக்குப் பிடித்துப்போனது. சும்மா பிடிக்கவில்லை, இந்தப் பெண் கிடைக்காவிட்டால் நான் வேறு கல்யாணமே முடிக்கப்போவதில்லை என்று வருகிற வழியில் மச்சானிடம் சத்தியம் பண்ணுகிற அளவுக்குப் பிடித்தது. மிச்சத்தை எழுத மாட்டேன், வீட்டில் வாசிப்பார்கள்.

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்ச் சீவிக்க வேண்டும். காலம் முழுக்கத் தங்கள் வீட்டில் சாப்பிடப்போகிறவன் என்பதால் பெண் வீட்டார் விசாரிக்கிற விசாரிப்பு கொஞ்ச நஞ்சமல்ல. பள்ளிவாசலில் கேட்பார்கள், தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், வேலை செய்கிற இடத்தில் வாசல்காரனிடம்கூடக் கேட்பார்கள். உம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னா:

"மகன், கலியாணம் முடியிற வரைக்கும் அந்தப் பம்ப்ப மனிசர்ர கண்ணுல காட்டாத. முட்டுக்காரனுக்கு ஆரு பொண்ணு குடுப்பான்?"

அன்றைக்கே மண்ணிறப் பம்ப் அரிசி மூட்டைக்குள் போயிற்று. நீலத்தைக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன். மூச்சு முட்டினால் குனிந்து சப்பாத்து லேஸ் கட்டுகிற பாவனையில் ஒரு இழுவை. அந்த மாதங்களில் கல்முனையிலேயே அதிகமாகச் சப்பாத்துக் கட்டியவன் நான்தான். "லேஸ மாத்து ரபீக், நெடுகலும் கழருது" என்று ஒரு மேசன் எனக்குப் புத்தி சொன்னார்.

மண்ணிறத்தை நிறுத்தியதும் முட்டு கூடியது. அது ஏன் என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இருக்கவில்லை. பெண் நினைவில் நெஞ்சு அடைக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மச்சான் மூச்சிரைக்க ஓடி வந்தார். (அவருக்கு முட்டு இல்லை, உடம்பு பெரிது.)

"காசிம் ஹாஜியார் பழைய டொக்டர்ர டிஸ்பென்சரிக்குள்ள பின் கதவால போறாரு. நான் என்ட கண்ணால கண்ட."

உம்மாதான் முடிவைச் சொன்னா: "விசாரிக்கத்தான் போயிரிக்காரு. எல்லாம் முடிஞ்சி."

அடுத்த நாள் காலையிலேயே டிஸ்பென்சரிக்குப் போனேன். பழைய டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"டொக்டர், காசிம் ஹாஜியார் இஞ்ச வந்தவரா?"

"ஆர் வந்த, ஆர் போன எண்டு நான் கதைக்கிறல்ல."

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"உன்னைப் பத்தியும் நான் ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல. சட்டையைத் தூக்கு." குழாயை வைத்துக் கேட்டார். "மண்ணிறப் பம்ப் அடிக்கிறியா?"

"ஓம் டொக்டர்."

"பொய். உள்ளுக்குக் கச்சேரி நடக்குது. உனக்கு வருத்தம் நெஞ்சில இல்ல தம்பி, வெக்கத்தில. இப்படியே விளையாடினா உன்னைப் பெரிய டொக்டரிட்டத்தான் அனுப்ப வேணும்."

அவர் அதை வெருட்டுவதற்காகச் சொன்னார். எனக்கு அது தேன் வார்த்தது போல இருந்தது. ஓம், பெரிய டொக்டர். கொழும்பிலிருந்து வருகிற நெஞ்சு ஸ்பெசலிஸ்ட். அவரிடம் போனால் ஒரே ஊசியில் முட்டை வேரோடு பிடுங்கிவிடுவார், பிறகு யார் விசாரித்தால் என்ன? சந்தோசத்தோடு வெளியே வந்தேன். அந்த நேரம் ஹாஜியாருடைய வெள்ளை வேன் டிஸ்பென்சரி வாசல் வரை வந்து, என்னைக் கண்டதும் நிற்காமல் கிறுகி வந்த வழியே போய்விட்டது. பிடிபட்டுப்போனேன் என்று நினைத்தேன்.

பெரிய டொக்டர் சனிக்கிழமைகளில் அம்பாறை டவுனில் ஒரு இடத்தில் நோயாளி பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லதாகப் போயிற்று, அது சிங்கள ஊர், அங்கே நம்முடைய ஆட்களின் கண் இருக்காது. அவரைப் பார்க்க வரிசை நம்பர் எடுப்பதற்கு ஒரு கொமினிகேசன் கடைக்குப் போய்ப் போன் எடுத்தேன். கடைக்காரர் பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வேறு இரண்டு பேர் நின்றார்கள், இரண்டு பேருடைய முகமும் எனக்கு மருதமுனை முகமாகவே தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண், "பேஷன்ட்ட பேர்?" என்றாள். என் சொந்தப் பேரைச் சொல்ல முடியாது. வேறு பேர் யோசிக்க வேண்டும். அந்த நாட்களில் என் மண்டைக்குள் இரவும் பகலும் ஒரே ஒரு பேர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"காசிம்" என்றேன்.

வயது கேட்டாள். வயதைப் பொய் சொன்னால் மருந்து அளவு பிழைத்துவிடும் என்று பயந்து உண்மையைச் சொன்னேன். (பேரைப் பொய் சொன்னால் மருந்துக்குத் தெரியாது என்பது என் கணிப்பு.)

சனிக்கிழமை பஸ் ஏறி, வழியில் செக்பொயின்டில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, ஒருவழியாக அம்பாறைக்குப் போய்ச் சேர்ந்தேன். காத்திருக்கிற அறையில் நான்கைந்து பேர். ஒரு கதிரைதான் காலி. அதற்குப் பக்கத்தில் ஒருவர் சிங்களப் பத்திரிகையை விரித்து முகத்தை முழுதாக மறைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்குக் கீழே கட்டம் போட்ட மருதமுனைச் சாரன் தெரிந்தது. அந்தச் சாரனை எனக்குத் தெரியும். சம்பந்தம் பேசின அன்று அதைத்தான் நான் குனிந்த தலை நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை மெல்ல இறங்கியது.

"தம்பி ரபீக்கா?" என்றார் காசிம் ஹாஜியார். "என்ன இஞ்சால?"

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. கூட்டாளி ஒராளுக்குச் சுகமில்ல. நம்பர் எடுத்து வெக்கச் சொன்னான். நீங்க?"

"வஅலைக்கும் முஸ்ஸலாம். நம்மட தறியில வேல செய்ற ஒராளுக்கு முட்டு. பாவம். அவனுக்காகத்தான்."

"ஓம், பாவம்தான்."

"ஒங்கட கூட்டாளிக்கு?"

"அவனுக்கும் முட்டுத்தான் மாமா."

"பாவம்" என்றார் ஹாஜியார்.

அந்த இரண்டு பாவப்பட்ட மனிதர்களுக்காகவும் நாங்கள் சேர்ந்து கவலைப்பட்டுக்கொண்டு இருந்தோம். அப்போது ஒரு பெண் வாளியோடு வந்து நிலம் துடைக்கத் தொடங்கினாள். பினாயில். அதுவும் தண்ணீர் கலக்காத பினாயில் போல. எங்கள் கதிரைக்குக் கீழே மட்டும் விசேசமாகத் துடைத்தாள். என் நெஞ்சு இறுகத் தொடங்கியது. சப்பாத்துக் கட்டலாம் என்றால் பக்கத்தில் மாமனார். மூச்சை மெல்ல மெல்ல விட்டேன். எங்கேயோ ஒரு விசில் கேட்டது. மேலே தொங்குகிற காற்றாடிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்தேன். காற்றாடி நின்றிருந்தது. விசில் ஹாஜியாரிடமிருந்து வந்தது.

"சளித் தடிமனா மாமா?"

"பஞ்சுத் தூசி" என்றார். "ஒங்களுக்கும் என்னமோ கேக்குதே?"

"சீமெந்துத் தூசி."

கதவு திறந்து நேர்ஸ் வந்தா. சிங்களப் பெண், தமிழை ஒவ்வொரு சொல்லாக, ஊருக்கே கேட்கிற மாதிரி உச்சரிப்பா.

"காசிம். வயசு இருபத்தெட்டு. முட்டு."

ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு எழும்ப வழியில்லை, அந்தப் பேரின் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறார். ஹாஜியார் பத்திரிகையை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, இப்ப என்ட பேரயா கூப்புட்ட?"

"ஊருலகத்துல எத்தின காசிம் மாமா."

"ஓம், ஓம். காசிம் நெறய." கொஞ்சம் ஆறுதலானார். "வயசும் வேற."

நேர்ஸ் கொஞ்சம் பொறுத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டா.

"ரபீக். வயசு ஐம்பத்தாறு. முட்டு."

இப்போது நான் திரும்பிப் பார்த்தேன். ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பல் டொக்டரின் விளம்பரத்தைப் பெரிய அக்கறையோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

"ரபீக்கும் நெறயத்தானே தம்பி" என்றார் மெதுவாக.

கணக்கு எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. மனிசன் டிஸ்பென்சரிக்குப் போனது என்னை விசாரிக்க அல்ல, மருந்து எடுக்க. வேனைத் திருப்பிக்கொண்டு போனது, மாப்பிள்ளை வீட்டார் தன்னை விசாரிக்கிறார்கள் என்று பயந்து. இந்த அம்பாறைக்கு ஓடி வந்ததும் அதே பயத்தில். போனில் பேர் கேட்டபோது அவருடைய மண்டைக்குள்ளும் ஒரே ஒரு பேர்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

விளங்கினதால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் எழும்பினால் முட்டுக்காரன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எழும்பினாலும் அதேதான். நேர்ஸ் இன்னொருமுறை இரண்டு பேரையும் கூப்பிட்டா. "வரல்லயா? வரல்ல எண்டா அடுத்த ஆள். டொக்டர் இன்னும் கொஞ்ச நேரத்தில கொழும்பு போற."

ஹாஜியாரின் உதடு நீலம் பாரித்துவிட்டது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகிறது. ஆனாலும் மனிசன் பல் விளம்பரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. இந்த மனிசன் மூச்சு நின்று செத்தாலும் சாவார், மானத்தை விடமாட்டார். எழும்பினால் கல்யாணம் போகும். எழும்பாவிட்டால் மாமனார் போவார். பரீனாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. இந்தக் கல்யாணம் இல்லாமல் போனாலும் அவளுக்கு வாப்பா இருக்க வேண்டும் என்று தோன்றியது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது, இன்றைக்கு நல்லவனாகக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

எழும்பினேன்.

"நான்தான் காசிம்" என்றேன்.

அறை முழுக்க என்னைப் பார்த்தது. ஹாஜியாரும் பார்த்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக, "அப்ப... நான்தான்... ரபீக்" என்று எழும்பினார்.

நேர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போனா. மருந்தைப் புகையாக்கித் தருகிற மெசின் இரண்டு இருந்தது. ஆளுக்கொரு முகமூடியை மாட்டி, ஒரே வாங்கில் இருத்திவிட்டார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்காருவதற்கு அதைவிடப் பொருத்தமில்லாத இடம் உலகத்தில் இருக்காது.

பெரிய டொக்டர் வந்தா. நான் நினைத்தபடி பெரிய உருவம் இல்லை. மெலிந்த பெண், புத்தகத்தில் படித்த தமிழ்.

"இதற்கு முன் யாரிடம் மருந்து எடுத்தீர்கள்?"

முகமூடிக்குள்ளிருந்து இரண்டு பேரும் பழைய டொக்டரின் பேரைச் சொன்னோம்.

"என்ன மருந்து தந்தார்?"

"மண்ணிறப் பம்ப்." அதையும் இரண்டு பேரும்தான் சொன்னோம்.

"அது இப்போது எங்கே இருக்கிறது?"

"அரிசி மூட்டைக்குள்ள" என்றேன் நான்.

"அலுமாரியில. சாரன் கட்டுக்குள்ள" என்றார் ஹாஜியார்.

அந்த டொக்டர் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றா. சிரிப்பை அடக்குகிறா என்று இப்போது தெரிகிறது. அப்போது, வருத்தம் முற்றிவிட்டது, அதுதான் சொல்லத் தயங்குகிறா என்று நினைத்தேன்.

"அந்த மருந்து போக வேண்டிய இடம் நுரையீரல்" என்றா. "நீலம் அந்த நேரத்துக்கு மூச்சுக் குழாயைத் திறக்கும். உள்ளே இருக்கிற வீக்கத்தை ஆற்றுவது மண்ணிறம்தான். மெதுவாக வேலை செய்யும், நாளாந்தம் அடிக்க வேண்டும். உங்களுடைய டொக்டர் சரியான மருந்துதான் தந்திருக்கிறார். நானும் அதைத்தான் எழுதப்போகிறேன். அவருக்கு உங்கள் நெஞ்சை எத்தனையோ வருசமாகத் தெரியும், அவரிடமே திரும்பிப் போங்கள். என்னைப் பார்க்க வேண்டுமென்று அவர் சொன்னால் மட்டும் வாருங்கள்."

ஊசியும் இல்லை, வேரோடு பிடுங்கலும் இல்லை. அரிசி மூட்டைக்குள் கிடக்கிற சாமானைத் தேடி நான் அம்பாறை வரைக்கும் போயிருக்கிறேன்.

போகிற போக்கில் அந்த டொக்டர் திரும்பி ஒரு கேள்வி கேட்டா. "நீங்கள் இருவரும் சொந்தக்காரரா?"

புகை மெசின் இரண்டும் இரைந்துகொண்டிருந்தன. அது நான் சொல்லக்கூடிய பதில் அல்ல. ஹாஜியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகமூடியைக் கழற்றினார்.

"என்ட மருமகன்" என்றார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ்" என்றும் சொன்னார். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மருந்துப் புகை கண்ணில் பட்டது என்று நேர்ஸிடம் சொன்னேன்.

ஹாஜியாரும் வேனை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வந்திருந்தார். சேர்ந்து திரும்பி வரும்போது செக்பொயின்டில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். காலுறையிலிருந்து நீலப் பம்ப் விழுந்தது. துவக்கோடு நின்ற பொடியன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹாஜியார் முந்திக்கொண்டு தன் சாரன் மடிப்புக்குள்ளிருந்து தன்னுடைய பம்பையும் எடுத்துக் காட்டி, தன் நெஞ்சையும் என் நெஞ்சையும் தட்டிக் காட்டினார். அவனுடைய அம்மாவுக்கும் இருக்கிறதாம். போகச் சொன்னான்.

பஸ்ஸில் ஹாஜியார் எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்.

"தம்பி, முட்ட மறச்சது நீங்க செஞ்ச பெரிய பிழ."

"நீங்களும் மறச்சதானே மாமா."

"நான் மாப்புள இல்லியே." கொஞ்சத் தூரம் போன பிறகு அவரே சொன்னார்: "வாப்பாக்கு முட்டெண்டா மகளுக்கும் வரும் எண்டு ஒங்கட உம்மா வேணாமெண்டிருவா எண்டு பயந்துதான். அவ ஒருத்திதான் எனக்கு. ஒருத்தருக்கும் செல்லாதீங்க. முக்கியமா பரீனாக்குத் தெரியப்படா."

ஒருவருக்கும் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. ஆனால் பரீனாவிடம் மறைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு சோறு தின்ன என்னால் முடியவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த நாள், மாமாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "ஒரு விசயம் செல்லணும். எனக்கு முட்டு இரிக்கி."

"தெரியும்" என்றாள், உடுப்பு மடித்துக்கொண்டே.

"எப்பிடி?"

"பொண்ணு பாக்க வந்தண்டு நான் குசினிக்குள்ள. விறாந்தையில விசில் கேட்டிச்சி. வாப்பா கடையால வந்திட்டாராக்கும் எண்டு தேத்தண்ணி ஊத்தித் தூக்கிட்டு வந்த. வந்து பாத்தா நீங்க."

வாப்பாவுடைய முட்டு அந்தத் தெருவுக்கே தெரியுமாம். மறைக்கிறார் என்பதும் தெரியுமாம். பாவம் என்று ஒருவரும் கேட்பதில்லையாம்.

"தெரிஞ்சுமா ஓமெண்ட?"

உடுப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சுனாமியண்டு ஸ்கூலுக்குள்ள சனம் நெரிபட்டுக் கிடந்த. வாப்பா எங்க எண்டு தெரியா. கத்திக் கத்தி எனக்குத் தொண்ட அடச்சிட்டு. அப்ப ஒரு மூலையில அந்த விசில் கேட்டிச்சி. அதக் கேட்டுக் கேட்டுப் போய்த்தான் வாப்பாவப் புடிச்ச. அந்தச் சத்தம் கேட்டா எனக்குப் பயமில்ல. ஆனா மருந்து ஒழுங்கா அடிக்காட்டி, ரெண்டு பேரயும் ஊட்ட உட்டு வெளிய போடுவன்."

அன்றிலிருந்து நானும் மாமாவும் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்று மண்ணிறப் பம்ப் அடித்து, வாய் கொப்பளித்துக் காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறோம். பழைய டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்ப சத்தமே இல்ல" என்று சொன்ன அன்று அவருடைய உதட்டில் ஒரு அசைவு தெரிந்தது. சிரித்திருப்பார் என்று மாமா சொல்கிறார், நான் நம்பவில்லை.

அம்பாறைக் கதை வீட்டில் எப்படி வெளிவந்தது என்று கேட்காதீர்கள். மாமா தானே சொல்லிவிட்டார், அதுவும் விருந்தாளிகள் வந்திருந்த நேரத்தில், நேர்ஸின் குரலில். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பேர் காசிம், அவருக்குப் பேர் ரபீக். என் கடைசி மகள் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். பாலர் பாடசாலையில் முதல் நாள், "வாப்பாட பேர் என்ன?" என்று டீச்சர் கேட்டபோது, பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் "காசிம்" என்று சொல்லிவிட்டது. திருத்தலாம் என்றுதான் போய், மற்றப் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வாசலில் நின்று, எல்லாப் பெற்றோருக்கும் கேட்கிற மாதிரி "காசிம்" என்று கூப்பிட்டா.

இந்த முறை முதல் கூப்பீட்டிலேயே எழும்பிவிட்டேன்.